இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மாளிகை

லண்டன் பிக்காடில்லி சாலையில் இருக்கும் ரிட்ஸ் ஹோட்டலில் மாலைத் தேநீர் காலை 11.30 மணிக்கு ஆரம்பிக்கிறது. அச்சுப் பிழை இல்லை. முதல் பந்தி 11.30. அடுத்தவை 1.30, 3.30, 5.30. கடைசிப் பந்தி இரவு 7.30. ஒரு நாளில் ஐந்து பந்தி வைத்தும் இடம் போதவில்லை. வார இறுதியில் நல்ல நேரத்துக்கு மேசை வேண்டுமென்றால் வெகு நாட்கள் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். ஆண்கள் கோட்டும் டையும் அணிந்து வர வேண்டும். ஜீன்ஸுக்கும் ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கும் அனுமதி கிடையாது. ஆளுக்கு 70 பவுண்டுக்கு மேல் ஆகும். நம் பணத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் ரூபாய். ஷாம்பெயின் சேர்த்தால் இன்னும் ஏறும்.

அந்தப் பணத்துக்கு என்ன வருகிறது? வெள்ளை விரிப்பு போட்ட ஒரு சிறிய மேசை, வெள்ளிக் கெண்டியில் தேநீர், இலையை வடிகட்ட ஒரு குட்டி வடிகட்டி, மூன்று தட்டுகளை அடுக்கிய ஒரு தாங்கி. கீழ்த்தட்டில் ஓரம் வெட்டிய விரல் நீள சாண்ட்விச்சுகள். நடுத்தட்டில் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டி, அதற்குத் துணையாகக் கெட்டி க்ரீமும் ஸ்ட்ராபெர்ரி ஜாமும். மேல்தட்டில் நகை மாதிரி செய்து வைத்த கேக்குகள். பாம் கோர்ட் என்ற அந்தக் கூடத்தில் தங்க முலாம் பூசிய அலங்காரங்கள், கண்ணாடிச் சுவர்கள், தலைக்கு மேல் பூங்கொத்துகளாய் விளக்குகள். ஓரத்தில் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருப்பார்.

கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஒருவர் எவ்வளவு குடித்தாலும் பத்து கிராம் தேயிலைக்கு மேல் செலவாகாது. கிலோ 50 பவுண்டு விலையுள்ள உயர்ந்த ரகம் என்றே வைத்துக்கொண்டாலும், கெண்டிக்குள் போவது அரை பவுண்டுச் சரக்கு. மாவு, வெண்ணெய், வெள்ளரிக்காய் எல்லாம் சேர்த்தாலும் பெரிய தொகை வராது. மிச்சப் பணம் நாற்காலிக்கும், பியானோவுக்கும், முதுகு நிமிர்த்தி நிற்கும் பரிமாறுபவருக்கும், இரண்டு மணி நேரத்துக்குப் பிரபுவாக உட்கார்ந்திருக்கும் உரிமைக்கும் போகிறது. லண்டன் ஹோட்டல்கள் ஒன்றரை நூற்றாண்டாக விற்றுவருவது இந்த உரிமையைத்தான்.

ஒரு சீமாட்டியின் பசி

இந்தப் பழக்கத்துக்கு ஒரு தாய் உண்டு. பெட்ஃபோர்டின் ஏழாவது டச்சஸ், அன்னா மரியா ரஸ்ஸல். விக்டோரியா மகாராணியின் அந்தப்புரத் தோழியருள் ஒருவராக இருந்தவர். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நான்கு மணிக்கு மேல் வயிற்றைக் கிள்ளுவதாகச் சொல்லி, தன் அறைக்கே தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவரச் செய்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. பசி வந்ததற்குக் காரணம் இருந்தது. பழைய காலத்தில் பிரபுக்களின் பெரிய சாப்பாடு மாலை நான்கு, ஐந்து மணிக்கு நடக்கும். விளக்கு வசதி பெருகப் பெருக, ஏழரை எட்டு மணிக்குச் சாப்பிடுவது கௌரவம் என்றானது. மதியச் சாப்பாடோ பெயருக்குக் கொஞ்சம் கொறிப்பதுதான். நடுவில் ஏழெட்டு மணி நேரம். நம் வீடுகளில் நான்கு மணி டிபன் பிறந்ததும் இப்படி ஓர் இடைவெளியில்தான்.

டச்சஸ்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு முன்பும் பிற்பகலில் தேநீர் குடித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. ஃபேனி கெம்பிள் என்ற புகழ்பெற்ற நாடக நடிகை 1842-ல் பெல்வாயர் கோட்டைக்கு விருந்தாளியாகப் போயிருந்தார். அங்கே டச்சஸின் அறைக்கு வரும்படி அவருக்கு இரகசிய அழைப்புகள் வந்தன. போய்ப் பார்த்தால், தேர்ந்தெடுத்த சில பெண்கள் மட்டும் கூடி, டச்சஸ் கையோடு கொண்டுவந்திருந்த கெண்டியில் தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் மாலைத் தேநீர் இந்தக் கூச்சம் கலந்த திருட்டுத்தனத்தைவிடப் பழையது என்று தனக்குத் தோன்றவில்லை என்று கெம்பிள் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இன்று கோட்டும் டையும் கேட்கிற ஒரு சடங்கு, கதவைச் சாத்திக்கொண்டு தின்ற நொறுக்குத் தீனியில் தொடங்கியிருக்கிறது!

அடுத்த முப்பது ஆண்டுகளில் கதவு திறந்தது. படுக்கையறையிலிருந்து வரவேற்பறைக்கு வந்தது தேநீர். அதற்கென்றே ஓர் உடை வந்தது. ‘டீ கவுன்’ என்ற அந்தத் தளர்ந்த ஆடையில், இடுப்பை இறுக்கும் கச்சு இல்லாமல் விக்டோரியா காலத்துப் பெண்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். 1843-ல் பர்மிங்ஹாம் நகரின் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். ஈஸ்ட் சேர்த்தது அவர் மனைவியின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. அவருக்காகச் செய்த பொடி அது. உயர்ந்து பூத்து நிற்கும் விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக்கும், இன்றைய பஞ்சு போன்ற ஸ்கோனும் அந்தப் பொடி இல்லாமல் கிடையாது. ‘பாரம்பரியம்’ என்று மெனு அட்டையில் பொன்னெழுத்தில் போடுகிறார்களே, அதில் பாதி ஒரு மருந்துக்கடையில் பிறந்தது.

ஹோட்டல் வாசலில் பெண்கள்

1865-ல் போர்ட்லேண்ட் பிளேஸில் லாங்ஹாம் ஹோட்டலை வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். ஒரு பெரிய ஹோட்டலின் பொதுக் கூடத்தில் மாலைத் தேநீர் பரிமாறும் வழக்கம் தங்களிடம்தான் தொடங்கியது என்று லாங்ஹாம் இன்றும் சொல்லிக்கொள்கிறது. முந்தியது யார் என்பதில் லண்டன் ஹோட்டல்களுக்குள் ஓயாத போட்டி. பிரௌன்ஸ் ஹோட்டல் 1837-லேயே தொடங்கியது. அதை ஆரம்பித்த ஜேம்ஸ் பிரௌன் கவிஞர் பைரனிடம் பணியாளராக இருந்தவர். அவர் மனைவி பைரனின் மனைவியிடம் வேலை பார்த்தவர். பிரபு வீட்டு உபசாரத்தின் அந்தரங்கம் தெரிந்த இரண்டு வேலைக்காரர்கள், அதையே காசுக்கு விற்கக் கற்றுக்கொண்டார்கள். பின்னால் வந்த எல்லா ஹோட்டல்களின் வியாபாரமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

ஆனால் கூட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் மரியாதைக்குரிய பெண் ஆண் துணையின்றி உணவகத்துக்குள் நுழைந்தால் ஊர் பேசும். கடைவீதிக்கு வந்தவள் களைப்பாற ஓரிடம் கிடையாது. 1864-ல் ஏரேட்டட் பிரெட் கம்பெனி என்ற ரொட்டி நிறுவனம் தன் கடையிலேயே தேநீர் விற்க ஆரம்பித்தது. 1894-ல் லயன்ஸ் நிறுவனம் பிக்காடில்லியில் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. மது இல்லை, புகை மூட்டம் இல்லை, விலையும் குறைவு. குமாஸ்தா வேலைக்குப் போன பெண்களும், வாக்குரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய பெண்களும் கூடிப் பேச இத்தகைய கடைகளே இடம் கொடுத்தன. நடுத்தர வர்க்கத்துக்கு லயன்ஸ் என்றால், வசதி படைத்தவர்களுக்குப் பெரிய ஹோட்டலின் பாம் கோர்ட்.

அந்த நேரத்தில் வந்தவர்தான் சீசர் ரிட்ஸ். சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக் கிராமத்து விவசாயி மகன். 1889-ல் திறந்த சவாய் ஹோட்டலை சமையல் மேதை எஸ்காஃபியேவுடன் சேர்ந்து உச்சத்துக்குக் கொண்டுபோனார். 1898-ல் இருவரையும் நிர்வாகம் வெளியே அனுப்பியது. அதே ஆண்டு பாரிஸில் தன் பெயரிலேயே ஹோட்டல் திறந்தார். 1906 மே மாதம் லண்டன் ரிட்ஸ் திறக்கப்பட்டது. மேவெஸ், டேவிஸ் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் எஃகுச் சட்டத்தில் எழுப்பிய அந்தக் கட்டடத்துக்குள்ளே பதினாறாம் லூயி காலத்துப் பிரெஞ்சு அரண்மனை. ‘ஆங்கிலேயத் தேநீரின் கோயில்’ என்று கொண்டாடப்படும் இடத்தை உருவாக்கியவர் சுவிஸ்காரர், அலங்காரம் பிரெஞ்சு. அந்த நாளிலேயே ரிட்ஸின் உடல்நிலை சீர்குலைந்திருந்தது. தன் பெயர் அகராதியில் ஆடம்பரத்துக்கு ஒரு சொல்லாக மாறியதை முழுசாக அனுபவிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, 1913-ஐ ஒட்டி, டாங்கோ பைத்தியம் லண்டனைப் பிடித்தது. அர்ஜென்டினா நடனத்தைத் தேநீரோடு சேர்த்து ‘டாங்கோ டீ’ என்று விற்றார்கள். வால்டார்ஃப் ஹோட்டலின் பாம் கோர்ட் அதற்குப் பேர் போனது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஒரு சுற்று ஆடிவிட்டு வந்து மறுபடி கோப்பையை எடுப்பார்கள். பாதிரிமார்களும் பத்திரிகைகளும் முகம் சுளிக்கச் சுளிக்கக் கூட்டம் கூடியது. இன்றைய பாம் கோர்ட்டில் யாராவது எழுந்து ஆடினால் காவலாளி வந்துவிடுவார்.

தட்டுத் தட்டாகப் பிரித்தால்

கீழ்த்தட்டிலிருந்து மேலே போவதுதான் முறை: முதலில் உப்பு, பிறகு ஸ்கோன், கடைசியில் இனிப்பு. சாண்ட்விச்சுகளில் மூத்தது வெள்ளரிக்காய். அதில் ஊட்டச்சத்து அனேகமாக எதுவுமில்லை. அதுவே அதன் பெருமை. உழைக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்களின் தீனி என்று அது அறிவித்தது. ஆஸ்கர் வைல்ட் 1895-ல் அரங்கேற்றிய ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடகத்தில் அத்தைக்காகச் செய்து வைத்த வெள்ளரி சாண்ட்விச்சுகளை நாயகர்களில் ஒருவன் பேசிக்கொண்டே காலி செய்துவிடுவான். அதன் பக்கத்தில் முட்டையும் ஆளிக்கீரைத் தளிரும், புகையிட்ட சால்மன் மீன், ஹாம். சில ஹோட்டல்களில் ‘கொரோனேஷன் சிக்கன்’ என்று ஒன்று வரும். 1953-ல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா விருந்துக்காக ரோஸ்மேரி ஹ்யூம், கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை என்ற இருவரின் சமையல் பள்ளி உருவாக்கியது. கோழி, மயோனெய்ஸ், ஆப்ரிகாட் கூழ், அதில் ஒரு சிட்டிகை கறிப்பொடி. நம் நாக்குக்கு அதில் காரம் இருப்பதாகவே தெரியாது.

ஸ்கோன் தட்டில்தான் சண்டை. பிளந்த ஸ்கோனில் முதலில் தடவ வேண்டியது க்ரீமா, ஜாமா? டெவன் மாவட்டத்தார் க்ரீம் முதலில் என்பார்கள். பக்கத்து கார்ன்வால் மாவட்டத்தார் ஜாம்தான் முதலில் என்பார்கள். விளையாட்டுச் சண்டை என்று நினைத்தால் 2018-ஐ நினைவுபடுத்த வேண்டும். கார்ன்வாலில் உள்ள லான்ஹைட்ராக் மாளிகை, அன்னையர் தினத் தேநீருக்கான விளம்பரத்தில் க்ரீமின் மேல் ஜாம் இருக்கிற படத்தைப் போட்டுவிட்டது. உள்ளூர்க்காரர்கள் கொதித்தார்கள். மாளிகையைப் பராமரிக்கும் அமைப்பின் உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தருவேன் என்றுகூடச் சிலர் மிரட்டினார்கள். மாளிகை நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. தென்கலை வடகலை பார்த்த நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

அந்த க்ரீமைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண பாலாடை இல்லை அது. கொழுப்பு நிறைந்த பாலேட்டை மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்து, ஆறவிட்டு, மேலே பொன்னிறத் தோல் கட்டியதும் எடுப்பது. கார்ன்வாலின் க்ரீமுக்கு 1998-ல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருந்தாக வேண்டும். மருத்துவர் பக்கத்தில் இருந்தால் பேச்சை மாற்றிவிடுவது நல்லது.

தேநீரில் பால் எப்போது ஊற்றுவது என்ற இன்னொரு சண்டை அறிவியலுக்கே பயன்பட்டது. 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் ஆய்வாளர், பாலை முன்னால் ஊற்றியதா பின்னால் ஊற்றியதா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். உடனிருந்த ரொனால்ட் ஃபிஷர் நம்பவில்லை. எட்டுக் கோப்பை தயாரானது. நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்புதான். அவர் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்று பின்னாளில் கேள்விப்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1935-ல் ஃபிஷர் எழுதிய ‘தி டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமெண்ட்ஸ்’ புத்தகத்தில் இந்தத் தேநீர்ச் சோதனை ஓர் அத்தியாயத்தையே தாங்கி நிற்கிறது. இன்று ஒரு மருந்தைச் சோதிப்பவரும் அந்த எட்டுக் கோப்பைகளுக்குக் கடன்பட்டவர்.

பீகார் மண்ணில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் தேநீர்தான் முதலில் என்ற கட்சி. 1946 ஜனவரியில் ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் நல்ல தேநீர் போடப் பதினோரு விதிகள் எழுதினார். அப்போது தேயிலை ரேஷனில் இருந்தது. 1940-ல் வந்த கட்டுப்பாடு 1952 வரை நீடித்தது. தொடக்கத்தில் ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ், அதாவது ஐம்பத்தேழு கிராம் போல. இன்று ரிட்ஸில் எந்தத் தேநீரை ஆற விட்டுவிட்டு வேறு ரகம் கேட்டாலும் முகம் கோணாமல் கொண்டுவருவார்கள். ரேஷன் வரிசையில் நின்ற தலைமுறை இதைப் பார்த்தால் என்ன சொல்லும் என்று தெரியவில்லை.

வீட்டில் செத்தது, ஹோட்டலில் பிழைத்தது

ஆங்கிலேயர்கள் தினமும் நான்கு மணிக்கு மூன்றடுக்குத் தட்டோடு உட்காருகிறார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வேலைக்காரர்கள் நிறைந்த வீடுகள் போயின. பெண்கள் அலுவலகம் போனார்கள். 1950-களில் காபி பார்கள் வந்தன. தேயிலைப் பை வந்ததும் கெண்டி பரணுக்கு ஏறியது. ‘கார்னர் ஹவுஸ்’ என்ற லயன்ஸ் நிறுவனத்தின் பெரிய உணவகங்களில் கடைசியானது 1977-ல் மூடப்பட்டது. அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. கடைக்கணக்கு மலைத்துப்போகும் அளவுக்குப் பெருகியதால் அவர்களே ஒரு கணினியை உருவாக்கினார்கள். லியோ என்ற அது 1951-ல் பேக்கரிக் கணக்குப் போட ஆரம்பித்தது. வணிக வேலைக்கு ஓடிய உலகின் முதல் கணினிகளுள் ஒன்று கேக் கணக்குக்காகப் பிறந்தது!

தொழிலாளி வீட்டுக் கதை வேறு. ஆலையிலிருந்து திரும்பியவர் ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இறைச்சியும் ரொட்டியும் உருளைக்கிழங்குமாகச் சாப்பிட்ட இராச்சாப்பாடுதான் ‘ஹை டீ’. நம்மூர் நட்சத்திர ஹோட்டல்கள் மாலைச் சிற்றுண்டியை ‘ஹை டீ’ என்று விளம்பரம் செய்வதை ஒரு லண்டன் சீமாட்டி படித்தால், சுரங்கத் தொழிலாளியின் மேசைக்குத் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்வார்.

1980-களில் ஹோட்டல்களில் மாலைத் தேநீர் மறுபடி துளிர்த்தது. சுற்றுலாப் பயணிகள் பெருகினார்கள். பழைய இங்கிலாந்தைக் காட்டும் தொலைக்காட்சித் தொடர்களும் கைகொடுத்தன. ஹோட்டல் மேலாளர்களின் கணக்கும் எளிது. மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையே ஈ ஓட்டிக்கொண்டிருந்த கூடம், பந்தி வைத்தால் நிரம்புகிறது. போட்டி முற்றியதும் புதுமை தேடினார்கள். பெர்க்லி ஹோட்டல் ஃபேஷன் வடிவமைப்பாளர்களின் கைப்பைகளையும் காலணிகளையும் கேக்காகவும் பிஸ்கட்டாகவும் செய்து தருகிறது. கிளாரிட்ஜஸ் அந்தப் பக்கம் போகவில்லை. பச்சை வெள்ளைக் கோடு போட்ட அதன் கோப்பையே அதற்கு விளம்பரம். அலங்காரம் மிஞ்சிய கேக் நாக்கைவிடக் கைப்பேசிக் காமிராவுக்கே அதிகம் ருசிக்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி.

இன்று இந்த ‘ஆங்கிலேய’ மாளிகைகள் யாருடையவை? ரிட்ஸ் 2020-ல் கத்தார் முதலீட்டாளரிடம் போனது. கிளாரிட்ஜஸும் கத்தார்காரர்கள் கையில். டார்செஸ்டர் புரூனே அரசின் முதலீட்டு நிறுவனத்துடையது. லாங்ஹாம் ஹாங்காங் நிறுவனத்துடையது. சவாய் கத்தார், சவூதிப் பணத்தில் நடக்கிறது. இங்கிலாந்தின் சமையலறைகளில் கொதிக்கும் டெட்லி தேயிலையை 2000-லேயே நம்முடைய டாடா 271 மில்லியன் பவுண்டுக்கு வாங்கிவிட்டது. பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அருகிலுள்ள கோரிங் ஹோட்டல் மட்டும், 1910-ல் அதைத் தொடங்கிய குடும்பத்திடமே இன்னும் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் மூதாதை ஓட்டோ கோரிங் ஜெர்மனியிலிருந்து வந்தவர்.

இலை எங்கிருந்து வந்தது

மெனு அட்டையில் அசாம், டார்ஜிலிங்குக்குக் கீழே சிலோன் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் தமிழர்கள் இருக்கிறார்கள். 1820-களிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து இலங்கை மலைநாட்டுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தார்கள். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869-லிருந்து காப்பியை இலைத்துரு நோய் தின்று தீர்த்தது. மலைகள் தேயிலைக்கு மாறின. 1890-ல் தாமஸ் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கினார். லண்டனில் தேயிலை மலிந்தது. டச்சஸின் அந்தரங்க ஆடம்பரம் தெருவோரத் தேநீர்க் கடைக்கு இறங்கியதில் கொழுந்து பறித்த கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

லண்டனின் தேயிலை ஏலம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1998 ஜூன் 29-ல் கடைசி ஏலம். கடைசியாக ஏலம் போனது இலங்கையின் ஹெல்பொட தோட்டத்துத் தேயிலைப் பெட்டி. 44 கிலோ கொண்ட அதை, நற்பணி நிதிக்காக, ஹாரோகேட் நகரின் டெய்லர்ஸ் நிறுவனம் கிலோ 555 பவுண்டுக்கு எடுத்தது. ‘லயம்’ என்ற வரிசை வீடுகளில் குடியிருந்து அந்த இலையைப் பறித்தவர்களுக்கு அந்த ஏலத் தொகை வெகு தூரத்துச் செய்தி.

கூலி விஷயம் இன்றும் தீரவில்லை. இலங்கைத் தோட்டத் தொழிலாளிக்கு நாளுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கை நெடுநாள் இழுபறிக்குப் பிறகு 2021-ல் நிறைவேறியது. 2024-ல் அது 1,350 ஆனது. அன்றைய மதிப்பில் நான்கு பவுண்டுக்கும் குறைவு. ரிட்ஸில் ஒருவர் ஒரு பந்திக்குத் தருவது மலைநாட்டில் பதினேழு நாள் கூலிக்கும் மேலே. 1964-ல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலைநாட்டுத் தமிழர்களில் ஒரு பகுதியினருக்காக நீலகிரியில் தமிழக அரசு தேயிலை பயிரிட்டது. 1968-ல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் இன்று டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம். நாடு மாறியும் கூடை மாறவில்லை.

போக நினைப்பவர்களுக்கு

முதல் தடவை என்றால் ரிட்ஸ் போய்விடலாம். அங்கே எல்லாமே மிகை. அந்த மிகையைப் பார்க்கத்தான் போகிறோம். அமைதியாக உட்கார்ந்து பேச கோரிங் அல்லது பிரௌன்ஸ் மேல். பிரௌன்ஸில் மரப்பலகை பதித்த சுவரும் கணப்புமாக, யாரோ ஒரு வசதியான மாமா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். அகதா கிறிஸ்டியின் ‘அட் பெர்ட்ராம்ஸ் ஹோட்டல்’ நாவலுக்கு முன்மாதிரி இதுவாக இருக்கலாம் என்ற பேச்சு நெடுங்காலமாக உண்டு.

சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். பெரிய ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் சைவத் தட்டு தனியாக உண்டு; முட்டையும் பாலும் இல்லாத தட்டுகூடப் பல இடங்களில் கிடைக்கும். ஆனால் முட்டை அவர்களுடைய சைவத்தில் அடக்கம் என்பதை மறக்கக்கூடாது. மேல்தட்டின் மூஸ், ஜெல்லி வகைகளில் ஜெலட்டின் சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. காலைப் பலகாரத்தோடு நிறுத்திக்கொண்டு போவது புத்திசாலித்தனம். சாண்ட்விச் தட்டு காலியானால் அனேகமாக எல்லா இடத்திலும் மறுபடி நிரப்புவார்கள், கூடுதல் காசில்லை.

நடைமுறை மரியாதைகள் சில. ஸ்கோனைக் கத்தியால் அறுக்காமல் கையால் பிட்க வேண்டும். கரண்டியைக் கோப்பையில் மோதிச் சத்தம் எழுப்பக்கூடாது. சுண்டு விரலை நீட்டிப் பிடிப்பது நாகரிகம் என்று நினைப்பவர்கள் சினிமா அதிகம் பார்த்தவர்கள். பிஸ்கட்டைத் தேநீரில் முக்கக்கூடாது என்பார்கள். வீட்டில் அவர்கள் எல்லோரும் முக்குகிறார்கள். சேவைக் கட்டணம் பெரும்பாலும் பில்லிலேயே சேர்ந்துவிடும். பார்த்துவிட்டு டிப்ஸ் வைக்கலாம்.

மேல்தட்டுக்கு வரும்போது வயிற்றில் இடம் இருக்காது. கேக் மிஞ்சும். பரிமாறுபவரிடம் சொன்னால் ஹோட்டல் பெயர் அச்சிட்ட அட்டைப் பெட்டியில் கட்டித் தருவார். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை, பக்கத்து மேசை லண்டன்காரரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.